விடுவித்தவரும் விடுபட்டவரும்: மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரு கடற்கரையும்

ஆங்கிலத்தில் ஃப்ரீடம், லிபர்ட்டி, இன்டிபென்டென்ஸ் என மூன்று சொற்கள் உள்ளன. நம் அகராதிகள் இம்மூன்றுக்கும் பெரும்பாலும் ‘சுதந்திரம்’ அல்லது ‘விடுதலை’ என்றே பொருள் தருகின்றன. அன்றாட வழக்குக்கு அது போதுமானதே. ஆயினும் வரலாற்றைக் கற்போர்க்கு அது போதாது. ஏனெனில், இச்சொற்களில் ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றைப் பெறாதிருந்த காலங்கள் உண்டு. ஒன்றின் பெயரால் மற்றொன்று மறுக்கப்பட்ட நாடுகளும் உண்டு.

இவ்வேறுபாட்டை விளக்க நூலறிவு மட்டும் போதாதெனின், மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை நோக்கலாம். அங்கே நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரு தலைநகரங்கள் அமைந்துள்ளன. ஒன்று சியரா லியோனின் ஃப்ரீடவுன். அதன் பெயரிலேயே ‘ஃப்ரீ’ என்னும் சொல் இருக்கிறது. மற்றொன்று மன்ரோவியா, அது தலைநகராய் உள்ள லைபீரியா என்னும் நாட்டின் பெயர் ‘லிபர்ட்டி’ பிறந்த அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டும் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்காகத் தோற்றுவிக்கப்பட்டவை. முன்னது விடுதலையின் பெயரைத் தாங்கியிருந்தும் 1961 வரை பிறர் ஆட்சியில் இருந்தது. பின்னதோ 1847இலேயே தன்னாட்சி பெற்றும் தன் மண்ணின் மைந்தர்க்கு விடுதலை தர மறுத்தது. இவ்விரு கரைகளின் வரலாற்றை மூன்று சொற்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் பிறப்பு

‘ஃப்ரீடம்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே அது வழங்கிற்று. அதன் வேர்ப்பொருள் ‘நேசத்திற்குரிய’ என்பதாம். நண்பனைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’ என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே கிளைத்தது. வடமொழியின் ‘ப்ரிய’ என்பதும் அதே தொல்வேரைச் சேர்ந்தது என்பர் மொழியியலார். ஆக, நாம் தமிழில் ‘பிரியம்’ என்று சொல்லும்போது, ‘ஃப்ரீடம்’ என்னும் சொல்லின் தூரத்து உறவினரையே உச்சரிக்கிறோம். நேசத்திற்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு? பண்டைய செருமானியக் குடும்பத்தில் இரு வகையினர் வாழ்ந்தனர். குடும்பத் தலைவனுக்கு இரத்த உறவால் நேசமானவர் ஒரு வகை. அடிமைகள் மற்றொரு வகை. முன்னவரே ‘ஃப்ரீ’ எனப்பட்டனர். விடுதலை என்பது அவர்கள் மொழியில், ‘இவன் எம்மைச் சேர்ந்தவன்’ என்று பிறரால் ஏற்கப்படும் நிலை.

‘லிபர்ட்டி’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அதன் வாயிலாகப் பதினான்காம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஆகவே அதற்குச் சட்டத்தின் வாடை உண்டு. ரோமானியச் சட்டத்தில் ‘லிபெர்’ என்பவன் அடிமையல்லாதவன். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா இலத்தீனில் எழுதப்பட்ட சாசனம். அதில் இச்சொல் பெரிதும் பன்மையில் ஆளப்படுகிறது. பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் நகரங்களுக்கும் உரிய தனித்தனிச் சலுகைகளே அங்கு ‘லிபர்ட்டிகள்’. நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையாட்கள் அச்சாசனம் குறிக்கும் ‘சுதந்திர மனித’ருள் அடங்கார்.

இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. நம் தமிழிலும் ‘சுதந்திரம்’ என்னும் சொல்லுக்கு இத்தகையதொரு பழம்பொருள் இருந்தது. கிராமத்தில் அறுவடையின்போது மிராசுதாரர், கணக்கர், தச்சர், வெட்டியான் முதலியோர்க்கு வழிவழியாக அளந்து கொடுக்கப்பட்ட நெல்லுக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். அதாவது, அவரவர் நிலைக்கேற்பப் பெறும் உரிமைப் பங்கு. எல்லோர்க்கும் பொதுவான ஒரே சுதந்திரம் என்னும் கருத்து, ஆங்கிலத்திலாயினும் தமிழிலாயினும் பிற்காலத்தில் விளைந்ததே.

மூன்றாவதான ‘இன்டிபென்டென்ஸ்’ மூன்றினுள் இளையது. ஒன்றிலிருந்து தொங்குவதைக் குறிக்கும் இலத்தீன் வினையோடு எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து அமைந்தது அது. எதிலிருந்தும் தொங்காமை, எதையும் சாராமை என்பது பொருள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பேராயர்களின் மேலாண்மையை ஏற்காது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்ற கிறிஸ்தவக் குழுவினர் ‘இன்டிபென்டென்ட்’ எனப்பட்டனர். ஒரு தேசம் முழுவதையும் தழுவிய அரசியல் முழக்கமாக அச்சொல் உலகெங்கும் அறியப்படலானது 1776இன் அமெரிக்கப் பிரகடனத்தால்தான்.

சுருங்கக் கூறின், ஃப்ரீடம் ‘எவரோடு சேர்ந்தவன்?’ என வினவுகிறது. லிபர்ட்டி ‘என்ன உரிமை உடையவன்?’ என வினவுகிறது. இன்டிபென்டென்ஸ் ‘எவரைச் சாராதவன்?’ என வினவுகிறது.

அரபு மொழி காட்டும் அளவுகோல்

அரபு மொழியில் இவ்விடத்துக்குரிய சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஹுர்’ என்பவன் அடிமையல்லாதவன். ‘அப்து’ என்பதன் எதிர்ச்சொல். திருக்குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனம் இவ்விரு சொற்களையும் அருகருகே ஆள்கிறது. ஆனால் ‘ஹுர்ரிய்யா’ என்னும் பண்புப் பெயர் திருமறையில் வரவில்லை. அங்கே வருபவை செயலைக் குறிக்கும் சொற்களே: பிடரியை விடுவித்தலைக் குறிக்கும் ‘தஹ்ரீர்’, பிடரியின் கட்டை அவிழ்த்தலைக் குறிக்கும் ‘ஃபக்கு’. அதாவது, திருமறை சுதந்திரத்தை ஒரு கருத்தாக வரையறுப்பதினும், ஒருவரை விடுவிக்கும் கடமையாகவே முன்வைக்கிறது. தெரியாமல் செய்த கொலைக்கும், முறித்த சத்தியத்திற்கும், ளிஹாருக்கும் பரிகாரமாக அது அடிமையை விடுவிக்கப் பணிக்கிறது. ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்றை இதற்கென ஒதுக்குகிறது.

அரசியல் பொருளில் இன்று வழங்கும் ‘இஸ்திக்லால்’ சுவையானதொரு சொல். ஆங்கிலச் சொல் தொங்காமையைக் குறிக்க, அரபுச் சொல் சுமத்தலைக் குறிக்கிறது. ஒரு பொருளைத் தூக்குதல், பறவை வானில் எழும்புதல் ஆகிய பொருள்கள் அதற்குப் பழைய அகராதிகளில் உண்டு. தன் சுமையைத் தானே தூக்கி எழுபவனே ‘முஸ்தகில்’. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 1978இல் திறக்கப்பட்ட பெரும் பள்ளிவாசல் இப்பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் நம் ஆய்வுக்கு மிகவும் உதவும் சொல் ‘வலா’ என்பதாகும். அடிமையை விடுவித்தவருக்கும் விடுபட்டவருக்கும் இடையே நிலைக்கும் உறவுக்கு ஃபிக்ஹ் நூல்கள் இட்ட பெயர் அது. விடுதலைக்குப் பின்னும் ஒரு தொடர்பு எஞ்சுகிறது என்பதை நம் சட்ட அறிஞர்கள் மறைக்கவில்லை. மாறாக, அதன் எல்லை எது என்பதை வரையறுத்தார்கள். அவ்வெல்லையை விளக்க பரீரா (ரலி) அவர்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை.

பரீரா (ரலி) ஓர் அடிமைப் பெண். ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா வெள்ளி தந்து விடுதலை பெறுவதாகத் தம் எசமானரோடு உடன்படிக்கை செய்திருந்தார். உதவி நாடி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். முழுத்தொகையையும் தாமே செலுத்தி விடுவிக்க அன்னையார் முன்வந்தபோது, ‘வலா’ உரிமை தமக்கே இருக்க வேண்டும் என எசமானர் அடம்பிடித்தனர். விடுவித்தவருக்கே அவ்வுரிமை என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். விடுதலை பெற்றதும், அடிமையாய் இருந்த தம் கணவர் முகீஸோடு தொடர்ந்து வாழ்வதா, பிரிவதா என்னும் தேர்வு பரீராவுக்கு வழங்கப்பட்டது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முகீஸ் மதீனாவின் வீதிகளில் அழுதவாறு அவரைப் பின்தொடர்ந்தார். அதுகண்டு மனம் இரங்கிய நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா எனப் பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா எனப் பரீரா வினவினார். கட்டளையன்று, பரிந்துரையே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியாயின் எனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா பதிலளித்தார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது. அவர் கண்டிக்கப்படவில்லை; நன்றி கெட்டவர் எனப்படவுமில்லை.

புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியைத் திருமணச் சட்டத்தின் ஒரு கிளை விதிக்கு ஆதாரமாக மட்டுமே நாம் பாடம் நடத்திப் பழகிவிட்டோம். அதனினும் பெரியதொன்று அதில் அடங்கியுள்ளது. தம்மை விடுவித்த குடும்பத்தின் தலைவரும் அல்லாஹ்வின் தூதருமானவரின் பரிந்துரையைக்கூட, அது பரிந்துரையே என்று தெரிந்துகொண்டபின் மறுக்க முடிந்தது நேற்றுவரை அடிமையாய் இருந்த ஒரு பெண்ணால். ‘வலா’ உறவு எஞ்சியிருந்தது. ஆனால் அது பரீராவின் வாழ்க்கையை நடத்தும் அதிகாரமாகவில்லை. விடுவித்தவரிடமே ‘வேண்டாம்’ என்று சொல்ல இயல்வதே விடுதலையின் உரைகல் என நாம் இதிலிருந்து கொள்கிறோம். இனி, இவ்வுரைகல்லைக் கொண்டு அவ்விரு கரைகளையும் உரைத்துப் பார்ப்போம்.

ஒரு பிரகடனமும் அதற்கு வெளியே நின்றவர்களும்

இரு கரைகளின் வரலாறும் அட்லாண்டிக் பெருங்கடலின் மறுபுறத்தில்தான் தொடங்குகிறது. 1776 ஜூலையில் பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியாட்சியிலிருந்து பிரிவதாக அறிவித்தன. அப்பிரகடனத்தைச் சொல் சொல்லாகப் பயில்வோர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். தனிமனிதனின் பிறப்புரிமையைச் சொல்லுமிடத்தில் ‘லிபர்ட்டி’ வருகிறது. மாநிலங்களின் நிலையைச் சொல்லுமிடத்தில் ‘ஃப்ரீ’, ‘இன்டிபென்டென்ட்’ ஆகிய இரண்டும் இணைந்து வருகின்றன. அரசர்மீது சாட்டும் குற்றப்பட்டியலிலோ, நீதிபதிகளைத் தம் விருப்பத்தைச் ‘சார்ந்தவர்’ ஆக்கினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. படையைக் குடிமை அதிகாரத்தைச் ‘சாராதது’ ஆக்கினார் என்பது மற்றொன்று. ஆக, சாராமை எப்போதும் நன்மையன்று, எதைச் சாராமை என்பதே வினா என்பதை அதை எழுதியவர்கள் நன்கு அறிந்தே இருந்தனர்.

ஆயினும் அப்பிரகடனத்தின் முதன்மை ஆசிரியரான ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அடிமைகளை ஓட்டுபவர்களே லிபர்ட்டிக்காக உரக்கக் கூவுவது எங்ஙனம் என்று ஆங்கில அகராதி ஆசிரியரான சாமுவேல் ஜான்சன் 1775இலேயே எள்ளி நகையாடினார். சொற்பொருளை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு அம்முரண் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

அடிமைகளுக்கும் அம்முரண் தெரிந்தே இருந்தது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகளுள் ஆயுதம் ஏந்தி அரசப் படையில் சேர்வோர்க்கு விடுதலை அளிப்பதாக அறிவித்தார். அது மனிதநேயத்தால் அன்று, போர்த் தந்திரத்தால். எனினும் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் அணிகளை நோக்கி ஓடினர். எசமானர் ‘இன்டிபென்டென்ஸ்’ கேட்டுப் போரிட்ட அதே களத்தில், அடிமைகள் ‘ஃப்ரீடம்’ வேண்டி எதிரணியில் நின்றனர். இரு சொற்களும் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட களம் அது.

அவ்வாறு ஓடியவர்களுள் ஹாரி வாஷிங்டன் என்பவர் ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட அவர், அமெரிக்கப் படைத் தலைவரும் பின்னாளில் முதல் குடியரசுத் தலைவருமான ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் வேலை செய்தவர். 1776இல் தப்பி பிரிட்டிஷாரிடம் சேர்ந்தார். போரில் பிரிட்டன் தோற்று, 1783இல் நியூயார்க்கிலிருந்து வெளியேறியபோது, தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ மூவாயிரம் கறுப்பினத்தவரின் பெயர்களை ஒரு பேரேட்டில் பதிந்து கப்பலேற்றியது. ஹாரியின் பெயரும் அதில் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியமர்த்தப்பட்டனர்.

ஃப்ரீடவுன்: சாராமை இல்லாத விடுதலை

நோவா ஸ்கோஷியாவில் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. குளிரும் வறுமையும் வெள்ளையரின் பகையும் வாட்டின. அவர்களுள் ஒருவரான தாமஸ் பீட்டர்ஸ் இலண்டனுக்கே சென்று முறையிட்டார். அடிமை வணிகத்தை எதிர்த்த ஆங்கிலேயர் நடத்திய சியரா லியோன் கம்பெனி, ஆப்பிரிக்காவில் நிலம் தர முன்வந்தது. 1792 ஜனவரியில் பதினைந்து கப்பல்களில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர் புறப்பட்டனர். மார்ச்சில் கரை சேர்ந்து ஃப்ரீடவுன் நகரை நிறுவினர்.

பெயர் விடுதலை நகரம். ஆனால் ஆட்சி கம்பெனியுடையது. நிலத்துக்கு வரி இராது எனத் தங்களுக்கு வாக்களிக்கப்பட்டதாகக் குடியேறியோர் கூறினர். கம்பெனியோ நிலவரி கேட்டது. தங்கள் நீதிபதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அவர்கள் கோரினர், கம்பெனி இணங்கவில்லை. 1800 செப்டம்பரில் அவர்களுள் ஒரு பகுதியினர் தாமே சட்டங்களை எழுதி அறிவித்தனர். அப்போது அங்கு வந்திறங்கிய படைவீரரையும், ஜமைக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட மரூன்களையும் கொண்டு கம்பெனி அக்கிளர்ச்சியை ஒடுக்கியது. மரூன்களும் அடிமைத்தளையை உடைத்தோடியவர் வழிவந்தோரே. கிளர்ச்சியாளருள் இருவர் தூக்கிலிடப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டனர். ஆற்றுக்கு அப்பாலுள்ள புல்லம் கரைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஹாரி வாஷிங்டனும் ஒருவர்.

ஈண்டு பரீராவின் வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். ஹாரியை விடுவித்தவர்கள் கொடியவர்கள் அல்லர், அக்காலத்தின் நல்லவர்கள். அவர்கள் அடிமை வணிகத்தை ஒழிக்க உண்மையாகவே பாடுபட்டனர். ஆனால் விடுபட்டவர் ‘வேண்டாம்’ என்றபோது அதை நன்றிகெட்ட செயலாகவே கண்டனர். பரிந்துரை எங்கு முடிகிறது, கட்டளை எங்குத் தொடங்குகிறது என்னும் வேறுபாடு அங்கே காக்கப்படவில்லை.

1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. 1808இல் ஃப்ரீடவுன் பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. கடற்படையினர் பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து பல்லாயிரவர் அங்கே இறக்கப்பட்டனர். அரசு ஆவணங்கள் அவர்களுக்கு இட்ட பெயர் ‘லிபரேட்டட் ஆப்பிரிக்கர்’. இச்சொல்லின் இலக்கணத்தை நோக்குக. அது செயப்பாட்டு வினையடியாகப் பிறந்த பெயர். பிறரால் விடுவிக்கப்பட்டவர் என்பது பொருள். அவ்விலக்கணத்துக்கேற்பவே அவர்கள் நடத்தப்பட்டனர். சிலர் ஆண்டுக்கணக்கில் பயிற்சித் தொழிலாளராகப் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சிலர் படையில் சேர்க்கப்பட்டனர். சிலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ஃபூரா பே, ஃபூலா டவுன் ஆகிய பகுதிகளில் அவர்கள் அமைத்த சமூகங்கள், தொடக்கத்தில் அதிகாரிகளின் ஐயப் பார்வைக்கு இலக்காகியும் நிலைத்து நின்றன.

இன்னொரு முரணும் உண்டு. ஃப்ரீடவுன் நகரைச் சூழ்ந்த உள்நாட்டை 1896இல் பிரிட்டன் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்தது. அங்கு வீட்டடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1928 ஜனவரி முதல் நாள்தான். விடுதலையின் பெயர் தாங்கிய நகரிலிருந்து ஆளப்பட்ட நிலத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் அடிமைகள் இருந்தனர் என்பது வரலாறு. சியரா லியோன் ‘இன்டிபென்டென்ஸ்’ பெற்றது 1961 ஏப்ரல் 27ஆம் நாள்.

லைபீரியா: விடுதலை இல்லாத சாராமை

இனித் தென்கிழக்கே செல்வோம். அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்கென 1816இல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் தோன்றியது. அதில் அடிமை முறையை வெறுத்தோரும் இருந்தனர்; விடுதலை பெற்ற கறுப்பர் தம் நடுவே வாழ்வதை விரும்பாத அடிமை உடைமையாளரும் இருந்தனர். 1822இல் மெசுராடோ முனையில் குடியேற்றம் தொடங்கியது. 1824இல் அது லைபீரியா எனப் பெயர் பெற்றது.

இச்சங்கத்தின் உதவியால் வந்தவர்களுள் நாம் மறக்கலாகாதவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீம். இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூட்டா ஜாலோனின் திம்போ நகரில் ஆட்சியாளர் குடும்பத்தில் பிறந்து, முறையாக மார்க்கக் கல்வி கற்றவர். 1788இல் போரொன்றில் சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டார். மிசிசிப்பிப் பகுதியின் நாச்செஸ் ஊரில் நாற்பது ஆண்டுகள் அடிமையாக உழைத்தார். அவர் அரபியில் எழுதிய மடலொன்று மொராக்கோவுக்கு அனுப்பப்பட்டதன் விளைவாக, குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸின் அரசு தலையிட, 1828இல் விடுதலை பெற்றார். ஆனால் எசமானர் ஒரு நிபந்தனை விதித்தார்: அவ்விடுதலையை அவர் அமெரிக்க மண்ணில் நுகரக் கூடாது. தம் மக்களை மீட்கப் பொருள் திரட்டி வட மாநிலங்களில் அலைந்தார். கிறிஸ்தவரின் இறைவேண்டலை அரபியில் எழுதித் தருமாறு கேட்டவர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்தது சூரத்துல் ஃபாத்திஹாவாக இருந்தது. 1829இல் மன்ரோவியா வந்து சேர்ந்தவர், திம்போவைக் காணாமலே அவ்வாண்டு ஜூலையில் காலமானார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக எண்மர் மறு ஆண்டில் அங்கு வந்தனர்.

அவருக்குக் கிட்டியது லிபர்ட்டியா? சட்டத்தின் தாளில் ஆம். ஆனால் பிறந்த வீட்டோடும் பெற்ற பிள்ளைகளோடும் சேர்ந்திருக்கும் பொருளிலான ‘ஃப்ரீடம்’, நேசமானவர்களோடு இணைந்திருத்தல் என நாம் மேலே கண்ட அந்த வேர்ப்பொருள், அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை.

அவரை ஒத்த மற்றொரு மார்க்கக் கல்வியாளர் உமர் இப்னு சயீத். செனகல் ஆற்றங்கரையின் ஃபூட்டா தோரோவில் பிறந்து, 1807இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டவர். 1831இல் அரபியில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அக்கையெழுத்துப் படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. அதன் தொடக்கத்தில் அவர் எழுதியது அல்முல்க் அத்தியாயம். ‘முல்க்’ ஆட்சியையும் உடைமையையும் குறிக்கும் சொல். ‘மம்லூக்’ என அடிமையைக் குறிப்பதும் அதே வேர். ஒரு மனிதருக்கு உடைமையாய் இருந்தவர், உடைமை எவனுக்குரியது என்னும் அத்தியாயத்தோடு தம் கதையைத் தொடங்குகிறார். அவர் 1864இல் அடிமையாகவே மறைந்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது 1865இல்.

லைபீரியாவுக்குத் திரும்புவோம். 1847 ஜூலை 26ஆம் நாள் அது தன்னாட்சிக் குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அப்பிரகடனம் குடியரசின் மக்களை, முன்னர் வட அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் என்றே அறிமுகம் செய்கிறது. லிபர்ட்டியின்மீது கொண்ட நேசமே எங்களை இங்குக் கொணர்ந்தது என்னும் கருத்துடையது நாட்டின் முழக்கம். ஆனால் அந்நிலத்தில் எவராலும் கொணரப்படாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வை, மண்டிங்கோ, கிரு, கிபெல்லே முதலிய மக்கள் பெரும்பான்மையினராக இருந்தனர். ‘எங்களை’ என்னும் சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. 1904 வரை அவர்கள் குடிமக்களாகவே ஏற்கப்படவில்லை. உள்நாட்டு மக்களுக்கு வாக்குரிமை வந்ததோ 1940களில். அதுவும் சொத்து வரம்போடு.

1920களில் உள்நாட்டு இளைஞர்கள் வற்புறுத்திப் பிடிக்கப்பட்டு, ஸ்பெயின் வசமிருந்த ஃபெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். முதல் உலகப் போருக்குப் பின் தோன்றிய சர்வதேசச் சங்கத்தின் விசாரணைக் குழு 1930இல் இதனை ஆராய்ந்தது. ஆட்கள் திரட்டப்பட்ட முறை அடிமை வணிகத்தினின்றும் அதிகம் வேறுபடவில்லை எனக் கண்டது. குடியரசுத் தலைவர் சார்ல்ஸ் கிங்கும் துணைத் தலைவரும் அவ்வாண்டே பதவி விலகினர். அடிமைகளின் வழித்தோன்றல்கள் ஆண்ட, லிபர்ட்டியின் பெயர் தாங்கிய, எவரையும் சாராத ஒரு நாட்டில் இது நிகழ்ந்தது. சிறுபான்மைக் குழுவின் ஆட்சி 1980இல் இராணுவப் புரட்சியால் குருதியில் முடிந்தது.

இரு கரைகளையும் அறிந்த அறிஞர்

இவ்விரு கரைகளிலும் வாழ்ந்து இரண்டின் குறையையும் கண்டவர் எட்வர்ட் வில்மட் பிளைடன். 1832இல் மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸில் பிறந்த அவர் கிறிஸ்தவ போதகர். 1851இல் லைபீரியா வந்தார். உள்நாட்டு முஸ்லிம்களிடம் எழுத்தறிவும் பள்ளிகளும் நூல்களும் இருப்பதைக் கண்டு, அவர்களோடு பேச அரபி கற்க வேண்டும் எனத் துணிந்தார். 1866இல் எகிப்துக்கும் சிரியாவுக்கும் பயணம் செய்து அரபி பயின்றார். திரும்பியதும் லைபீரியாக் கல்லூரியில் அரபியைப் பாடமாக்கினார். 1887இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல், கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் கறுப்பினத்தவரின் வாழ்வோடு ஒப்பிடுகிறது. இஸ்லாத்தை ஏற்ற ஆப்பிரிக்கச் சமூகங்கள் தம் தன்மதிப்பையும் தற்சார்பையும் இழக்கவில்லை என்பது அவர் வாதம். பிற்காலத்தில் ஃப்ரீடவுனில் முஸ்லிம் மாணவரின் கல்விப் பணிக்குப் பொறுப்பேற்றார். அங்கேயே 1912இல் காலமானார்.

அவருடைய புகழுரையைப் படித்து நாம் மகிழ்ந்துவிட்டு நின்றால், அது பாதி உண்மையோடு நின்றதாகும். அப்துர் ரஹ்மானின் தந்தை ஆண்ட ஃபூட்டா ஜாலோனிலும் அடிமைகள் பெருந்தொகையாக இருந்தனர். அவர்களும் தம் வீடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களே. பிடரியை விடுவிக்கும் கட்டளையை ஓதிய நாவுகளே அடிமைச் சந்தையில் விலை பேசின. 1846இல் துனிசியாவின் அஹ்மத் பே அடிமை முறையை ஒழித்தார். பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அதை இறுதியாக ஒழித்த 1848க்கும், அமெரிக்கா ஒழித்த 1865க்கும் அது முந்தியது. இதனை நாம் பெருமையுடன் சொல்வோம். ஆனால் மௌரித்தானியாவில் 1981இல்தான் அது ஒழிக்கப்பட்டது என்பதையும், அடிமை வைத்திருப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 2007இல்தான் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவுரை

மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. சாராமை ஓர் அரசுக்குரியது. அதனைக் கொடியேற்றி ஒரே நாளில் பெறலாம். உரிமை சட்டத்துக்குரியது, அதனைத் தாளில் எழுதலாம், எவர் பெயரையேனும் விட்டும் எழுதலாம். ‘இவன் எம்மவன்’ என்று சக மனிதர் ஏற்பதாகிய விடுதலையோ மனத்துக்குரியது. அது கொடியாலும் தாளாலும் மட்டும் வந்துவிடாது. ஃப்ரீடவுன் மக்களுக்கு முதலாவது இல்லை; லைபீரியாவின் பழங்குடியினர்க்கு இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை.

சூஃபி மேதை குஷைரி தம் ‘ரிஸாலா’வில் ‘ஹுர்ரிய்யா’வுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, படைப்புகளின் பிடியிலிருந்து நீங்கி அல்லாஹ்வுக்கு மட்டுமே அடிமையாவதையே அதன் நிறைவாகக் காட்டுகிறார். இது அரசியலிலிருந்து விலகிய ஆன்மிகப் பேச்சாகத் தோன்றலாம். அவ்வாறன்று. அல்லாஹ்வுக்கு மட்டுமே தான் அடிமை என்பதை உணர்ந்தவன் பிறனைத் தனக்கு அடிமையாக்க முனையான். தான் விடுவித்தவனிடம் வாழ்நாள் முழுவதும் பணிவை வசூலிக்கவும் மாட்டான்.

நாடுகளுக்கு மட்டுமன்று, நிறுவனங்களுக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஏழை மாணவனுக்குக் கல்வி அளித்தவர், வேலை தேடித் தந்தவர், கடன் தீர்த்தவர், மகளைப் படிக்க வைத்த தந்தை என யாவரும் ஒருவகையில் விடுவித்தவர்களே. உதவி பெற்றவர் ஒருநாள் மாறுபட்டுப் பேசும்போது நம் நெஞ்சில் எழும் கசப்பு, சியரா லியோன் கம்பெனியாரின் கசப்பினின்றும் வேறானதன்று. அந்நேரத்தில் மதீனாவின் வீதியில் ஒரு பெண் கேட்ட கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வது நலம்: நாம் சொல்வது கட்டளையா, பரிந்துரையா? பரிந்துரையாயின், மறுப்பைக் கேட்டு அமைதி கொள்வதும் நம் கடமையேயாகும்.